சீன ராசி வெள்ளி நாணயங்கள்: எந்த வரிசையை நிறைவு செய்வது?

வாசகர் கேள்வி:

ஐயா, நான் பதினாறு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் பணிபுரிந்து வருகிறேன். 2012ஆம் ஆண்டு பொங்கல் வாரத்தில் என் மகள் பிறந்தபோது, உடன் வேலை செய்த சீன நண்பர் ஒருவர், ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை வெளியிட்ட ஒரு அவுன்ஸ் டிராகன் வெள்ளி நாணயத்தை அவளுக்குப் பரிசளித்தார். அதில் பிறந்த ஆர்வத்தால் அதே நாணயச்சாலையின் 2013 பாம்பு, 2014 குதிரை, 2015 ஆடு, 2016 குரங்கு, 2018 நாய், 2020 எலி ஆகியவற்றையும் வாங்கிச் சேர்த்தேன். இணையச் சந்தையில் விசிறி வடிவிலான 2006 நாய் ஆண்டுச் சீன நாணயம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. நகை நிறுக்கும் சிறு தராசில் அது 26.7 கிராம் காட்டுகிறது. 2014 குதிரை நாணயத்தில் அரிய அச்சுப்பிழை உண்டு என்று ஒருவர் சொல்கிறார். ஊரில் இருந்த ஆடு நாணயம் கறுத்துவிட்டதால், என் தாயார் அதை விபூதி போட்டுத் துலக்கிவிட்டார். பன்னிரண்டு விலங்குகளையும் சேர்த்து முடித்தால் என் மகளுக்கு அது நல்ல முதலீடாக அமையுமா? இவற்றை ஊருக்குக் கொண்டுசெல்லும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்:

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம்.

நாணயங்களின் பெயர், ஆண்டு, எடை ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். நாணய மதிப்பீட்டாளன் என்ற முறையில் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "என்னிடம் ஒரு பழைய வெள்ளிக் காசு இருக்கிறது, என்ன விலை போகும்?" என்ற ஒரே வரியோடு நின்றுவிடும். நீங்கள் எடையைக் குறிப்பிட்டதால்தான், நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமலேயே உங்கள் கேள்விகளுள் ஒன்றுக்கு ஏறக்குறைய உறுதியான பதிலைச் சொல்ல முடிகிறது. அந்தப் பதில் கசப்பானது என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சீன மக்கள் வங்கி 2000ஆம் ஆண்டு டிராகன் தொடங்கி 2011 முயல் வரை வெளியிட்ட விசிறி வடிவ வெள்ளி நாணயம், பத்து யுவான் முகமதிப்பும் ஒரு டிராய் அவுன்ஸ் எடையும் கொண்டது. ஒரு டிராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். உங்களிடம் உள்ளது 26.7 கிராம். தேய்மானத்தாலோ தராசின் சிறு பிழையாலோ நான்கு கிராமுக்கு மேல் குறைய வழியில்லை. இன்னொரு கணக்கையும் பாருங்கள். வெள்ளியின் அடர்த்தி ஒரு கன செண்டிமீட்டருக்கு 10.49 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 கிராம். 31.1 கிராம் எடையுள்ள வெள்ளி நாணயத்தின் அதே அகல நீளக் கனத்தில் செம்பால் ஒன்றைச் செய்து மேலே வெள்ளி முலாம் பூசினால், அதன் எடை ஏறத்தாழ 26.6 கிராம் வரும். உங்கள் தராசு காட்டும் எண் கிட்டத்தட்ட அதுவே. ஆகவே உங்களிடம் இருப்பது வெள்ளி முலாம் பூசிய செம்புப் போலி என்றே கருதுகிறேன். காந்தத்தில் ஒட்டவில்லை என்று விற்றவர் சமாதானம் சொல்லக்கூடும். செம்பும் காந்தத்தில் ஒட்டாது. நாணயத்துடன் வந்த சான்றிதழைக் காட்டினாலும் நம்ப வேண்டாம். நாணயத்தையே போலியாக அச்சடிப்பவருக்கு ஒரு காகிதத்தை அச்சடிப்பது பெரிய வேலையன்று. எடையைக் காட்டும் படத்துடன், நீங்கள் வாங்கிய சந்தைத் தளத்தில் உடனே முறையிடுங்கள். பணம் திரும்பாவிட்டால் அதன்மேல் "போலி" என்று எழுதிய சீட்டை ஒட்டித் தனியே வையுங்கள். எக்காரணம் கொண்டும் அதை இன்னொருவருக்கு விற்றுவிடாதீர்கள்.

எடையும் குறையாமல் வரும் போலிகளும் உண்டு என்பதால், இனி வாங்குபவற்றுக்கு உதவும் வழி ஒன்றையும் சொல்கிறேன். வெள்ளியைவிட இலேசான உலோகத்தில் 31.1 கிராமை எட்ட வேண்டுமானால், போலி செய்பவர் நாணயத்தின் விட்டத்தையோ கனத்தையோ கூட்டியே ஆக வேண்டும். விட்டத்தைக் கூட்டினால் உறையில் அடங்காது. ஆகவே கனத்தைத்தான் கூட்டுவார். செம்பானால் ஆறில் ஒரு பங்குக்கு மேலும், பித்தளையானால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும் விளிம்பு தடிக்கும். ஆகவே தராசுடன், விட்டத்தையும் கனத்தையும் நுட்பமாக அளக்கும் ஒரு வெர்னியர் காலிப்பரும் சேகரிப்பாளர் கையில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரே ஒரு போலியில் இழக்கும் பணத்தைவிடக் குறைவு. இன்னும் ஐயம் தீரவில்லையென்றால், தராசின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கிக்கொண்டு, மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தைக் குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுதும் தொங்கவிடுங்கள். ஒரு அவுன்ஸ் தூய வெள்ளியானால் தராசு 2.97 கிராம் அளவில் நிற்கும். அதே எடையுள்ள செம்பானால் 3.47 கிராம் காட்டும். கண்ணாடிபோல் மின்னும் புரூஃப் நாணயங்களுக்கு மட்டும் இந்தத் தண்ணீர்ச் சோதனை வேண்டாம். ஒரு சொட்டு நீர் காய்ந்த தடமே அவற்றின் மதிப்பைக் குறைத்துவிடும்.

இனி உங்கள் வரிசைக்கு வருகிறேன். பன்னிரண்டில் ஏழு சேர்ந்துவிட்டதாக எண்ணியிருக்கிறீர்கள். உண்மையில் சேர்ந்திருப்பவை ஆறு. பெர்த் நாணயச்சாலை ராசி வெள்ளி நாணயங்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டு வருகிறது. முதல் தொகுதி 1999 முயலில் தொடங்கியது. இரண்டாம் தொகுதி 2008 எலியில் தொடங்கி 2019 பன்றியில் நிறைவுற்றது. 2020 எலியிலிருந்து நடப்பது மூன்றாம் தொகுதி. உங்களிடம் உள்ள டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, நாய் ஆகிய ஆறும் இரண்டாம் தொகுதியைச் சேர்ந்தவை. 2020 எலி மூன்றாம் தொகுதியின் முதல் நாணயம். மேசையின்மேல் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: இரண்டாம் தொகுதியின் ஒரு அவுன்ஸ் நாணயம் 45.6 மில்லிமீட்டர் விட்டத்தில் அகன்று மெலிந்திருக்கும். மூன்றாம் தொகுதியின் நாணயம் 40.9 மில்லிமீட்டரில் சுருங்கிச் சற்றே தடித்திருக்கும். பன்னிரண்டு குழிகள் உள்ள இரண்டாம் தொகுதிப் பெட்டியில் உங்கள் எலி அசைந்துகொண்டே இருக்கும்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ராசி நாணயங்களின் தனி மதிப்பு, அவை ஒரு வட்டத்தின் பன்னிரண்டு துண்டுகளாக இருப்பதில்தான் பிறக்கிறது. ஒரே நாணயச்சாலை, ஒரே தொகுதி, ஒரே எடை, ஒரே வகைப் பூச்சு என்ற நான்கும் பொருந்திய பன்னிரண்டு நாணயங்களை ஒரு சேகரிப்பாளர் தொகுப்பாக விரும்பி வாங்குவார். மூன்று நாடுகள், நான்கு அளவுகள், சில வண்ணம் தீட்டியவை, சில தங்க முலாம் பூசியவை என்று கலந்து கிடக்கும் பன்னிரண்டை யாரும் தொகுப்பாகப் பார்க்கமாட்டார்கள். தராசில் போட்டு வெள்ளி விலைக்கே கேட்பார்கள். இப்படிக் கலந்து கிடந்த சேகரிப்புகள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்தவர்கள் செலவில் குறை வைக்கவில்லை. தொடங்கும்போது எந்த வரிசை என்று முடிவு செய்யாமல், கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிட்டார்கள்.

உங்களுக்கு இன்னும் வேண்டியவை 2008 எலி, 2009 எருது, 2010 புலி, 2011 முயல், 2017 சேவல், 2019 பன்றி ஆகிய ஆறு. இரண்டாம் தொகுதியின் ஒரு அவுன்ஸ் நாணயத்துக்கு ஆண்டுக்கு மூன்று இலட்சம் என்ற உச்சவரம்பு இருந்தது. ஆகவே கிடைக்காமல் போகக்கூடியவை அல்ல, அவசரமும் இல்லை. டிராகன் சீனர்களுக்கு மிகவும் உகந்த ராசி என்பதால், 2012 டிராகனுக்கு எப்போதுமே போட்டி அதிகம். அது பரிசாகவே உங்களிடம் வந்துவிட்டது நல்ல பேறு.

2014 குதிரை பற்றி உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. நாட்டைத்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறார். பிரிட்டனின் ராயல் மின்ட் நாணயச்சாலை 2014ஆம் ஆண்டு குதிரையுடன்தான் தன் சீன ராசி வரிசையைத் தொடங்கியது. அவ்வாண்டு அதே நாணயச்சாலையின் இன்னொரு வெளியீடான பிரிட்டானியா வெள்ளி நாணயத்துக்கென்று வைத்திருந்த அரசியின் முகப்பு அச்சு, குதிரை நாணயங்கள் சிலவற்றுக்கும், குதிரைக்குரிய முகப்பு அச்சு பிரிட்டானியா சிலவற்றுக்கும் மாறிப்போயிற்று. முறையான குதிரை நாணயத்தின் முகப்பில் விளிம்பை ஒட்டிய பகுதி வழுவழுப்பாக இருக்கும். பிழையான நாணயத்தில் அங்கே பற்கள்போல் நெருங்கிய சிறு மேடுகள் சுற்றிவரும். இந்தப் பிழைக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் உங்களிடம் இருப்பது பெர்த் குதிரை. அதற்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை.

அடுத்தது உங்கள் தாயார் துலக்கிய ஆடு. நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கையும் சந்தனக் கிண்ணத்தையும் விபூதியால் துலக்கிப் பளிச்சென்று வைப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். கறுத்த வெள்ளியைக் கண்டதும் அவர் கை தானாகவே அதைச் செய்திருக்கும். அவரிடம் குறை காண வேண்டாம். விளக்குக்கு நன்மை செய்யும் அந்தப் பொடி, நாணயத்துக்கு மட்டும் ஆகாது. அச்சு நெருக்கத்தில் உருவான நாணயத்தின் மேற்பரப்பில், ஒளியைத் திருப்பி மினுமினுப்பைத் தரும் மெல்லிய ஓட்டக்கோடுகள் இருக்கின்றன. தேய்க்கும்போது அவை அழிந்து, அந்த இடத்தில் மயிரிழை போன்ற கீறல்கள் எல்லாத் திசைகளிலும் விழுகின்றன. உருப்பெருக்கியில் பார்க்கும் எவருக்கும் அது ஒரு நொடியில் தெரிந்துவிடும். எந்த முறையாலும் திருத்த முடியாது. தரம் பிரிக்கும் நிறுவனங்கள் அத்தகைய நாணயத்துக்கு எண் தரம் வழங்காமல் "துலக்கப்பட்டது" என்று மட்டும் குறித்து அனுப்பும். தொகுப்பை மகளுக்காகவே வைத்திருப்பீர்களானால் அந்த ஆட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். என்றேனும் விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இன்னொரு 2015 ஆட்டை வாங்கி மாற்றிவிடுங்கள்.

கறுப்பேறியதற்குக் காரணம், காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியுடன் சேர்வதுதான். முட்டை, வெங்காயம் சமைக்கும் புகை, ரப்பர் வளையம், செய்தித்தாள், கம்பளி, சில மரப்பெட்டிகள் ஆகிய அனைத்திலிருந்தும் அது வரும். கடலோர ஈரக்காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். மெல்ல, சீராகப் படிந்த கருமை ஒரு குறையன்று. அதன் அழகுக்காகவே தேடி வாங்குபவர்களும் உண்டு. வெள்ளை வெள்ளையாகப் பால் தெறித்ததுபோல் தோன்றும் புள்ளிகள் வேறு வகை. நாணயம் அச்சிடுவதற்கு முன் தகடுகளைக் கழுவிய இரசாயனத்தின் எச்சமே அவற்றுக்குக் காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அவற்றைத் தேய்த்து நீக்க முயன்று நாணயத்தைக் கெடுத்தவர்கள் பலர், நீங்கள் முயலாதீர்கள். நாணயங்கள் அவற்றுடன் வந்த கடினக் கேப்சூல்களிலேயே இருக்கட்டும். வெளியே எடுக்க நேர்ந்தால் மெத்தை விரித்த மேசையின்மேல், விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். தபால்தலை ஆல்பம் போன்ற மென்மையான பிவிசி உறைகள் மட்டும் கூடவே கூடாது. சில ஆண்டுகளில் அந்த உறை ஒரு பசையைக் கசிந்து, நாணயத்தின்மேல் பச்சைப் படலமாகப் படிந்து, உலோகத்தையே அரிக்கும். தந்தை அன்போடு ஆல்பத்தில் அடுக்கிவைத்த முப்பது நாணயங்களையும் இப்படிப் பச்சைபடிந்த நிலையில் ஒரு மகன் என்னிடம் கொண்டுவந்தார். அவற்றுக்கு வெள்ளி விலையை மட்டுமே சொல்ல நேர்ந்தது.

"நல்ல முதலீடாகுமா?" என்ற உங்கள் கேள்வியில்தான் நான் மிகுந்த கவனத்துடன் பேச வேண்டியிருக்கிறது. வெள்ளி வாங்குவது ஒரு செயல். நாணயம் வாங்குவது வேறு செயல். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் இரண்டிலும் இழக்கிறார்கள். வெள்ளியை மட்டும் விரும்பினால், உலோக விலைக்கு மிக அருகில் கிடைக்கும் கட்டியையோ சாதாரண அவுன்ஸ் நாணயத்தையோ வாங்குவதே முறை. ராசி நாணயத்துக்கு, அதிலும் புரூஃப், வண்ணம், தங்க முலாம் என்று அலங்காரம் கூடக்கூட, உலோக விலைக்கு மேல் பெரிய தொகை கொடுக்கிறோம். விற்கும்போது அந்தக் கூடுதல் தொகை திரும்புமா என்பது, அதே நாணயத்தைத் தேடும் இன்னொரு சேகரிப்பாளர் அன்று கிடைப்பாரா என்பதைப் பொறுத்தது. சாதாரண நாணயத்தை வாங்கித் தாமே வண்ணம் தீட்டிப் பெட்டியிலிட்டு விற்கும் வணிகர்களும் இருக்கிறார்கள். நாணயச்சாலையில் தீட்டப்படாத அந்த வண்ணத்தைச் சேகரிப்பாளர்கள் சேதமாகவே கருதுவார்கள்.

உலோக விலையும் ஏறிக்கொண்டே போகும் என்று எண்ண வேண்டாம். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் ஒன்று 50 அமெரிக்க டாலரை நெருங்கி விழுந்தது. 2011 ஏப்ரலில் மீண்டும் ஏறத்தாழ அதே உயரத்தைத் தொட்டுவிட்டு, 2015 இறுதியில் 14 டாலருக்கும் கீழே இறங்கியது. உறுதியாக 50 டாலரைத் தாண்டியது 2025 அக்டோபரில்தான். 1980இல் வாங்கியவர் நாற்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தார் என்று பொருள். உங்கள் மகளின் கல்விக்கும் திருமணத்துக்குமான சேமிப்பை நாணயத்தில் வைக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. அவற்றுக்கு வேறு வழிகளில் சேமித்துக்கொண்டு, செலவழித்தாலும் வருந்தாத தொகையில் நாணயங்களை வாங்குங்கள். அப்போது விலை இறங்கும் ஆண்டுகளிலும் பெட்டியை மகிழ்ச்சியோடு திறக்க முடியும்.

நீங்கள் வசிக்கும் நாட்டின் நாணயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. ராசி நாணய மரபில் ஹாங்காங் 1976இல் டிராகன் தங்க நாணயத்துடன் முன்னால் வந்தது. சீனாவும் சிங்கப்பூரும் 1981 சேவல் ஆண்டில் ஒருசேரத் தொடங்கின. சிங்கப்பூர் இப்போது நான்காம் சுற்றில், 2017 முதல் 2028 வரையிலான வரிசையில் இருக்கிறது. அந்த நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள்: நாட்டின் சின்னத்தைச் சுற்றி நான்கு ஆட்சிமொழிகளில் நாட்டின் பெயர் பொறித்திருக்கும், அவற்றுள் ஒன்று தமிழில் "சிங்கப்பூர்". சீன ராசி விலங்கு ஒரு பக்கமும் தமிழ் எழுத்து மறுபக்கமும் உள்ள வெள்ளி நாணயத்தை வேறு எந்த நாட்டிலும் நான் கண்டதில்லை. பெர்த் வரிசையை முடித்த பிறகு அடுத்த வரிசை எது என்று என்னிடம் கேட்டால், தயங்காமல் இதையே சொல்வேன். இப்போதே இரண்டையும் சேர்த்துத் தொடங்க வேண்டாம்.

ஊருக்குக் கொண்டுசெல்வது பற்றி: நாணயம் நகை அன்று. வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து திரும்புபவர்கள் கொண்டுவரும் நகைக்கு இந்தியச் சுங்கத்தில் உள்ள சலுகை, வெள்ளி நாணயத்துக்குப் பொருந்தாது. விமான நிலையத்தில் சிவப்பு வழியில் சென்று, வாங்கிய ரசீதுகளுடன் அறிவித்து, உரிய தீர்வையைச் செலுத்த வேண்டும். தீர்வை விகிதம் அவ்வப்போது மாறுவதால், பயணத்துக்கு முன் சுங்கத்துறையின் இணையதளத்தில் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், நிலையாக ஊர் திரும்பும் நாள்வரை தொகுப்பு சிங்கப்பூரில் ஒரே இடத்தில் இருப்பதே நல்லது. கைமாறக் கைமாறத்தான் கீறல் விழுகிறது. ஒவ்வொரு நாணயத்தின் படம், எடை, வாங்கிய நாள், விலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ரசீதுகளை அதனுடனேயே வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சீன ராசி ஆண்டு ஜனவரி முதல் நாளில் பிறப்பதில்லை. சந்திர மாதக் கணக்கின்படி ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே ஒரு நாளில் அது பிறக்கும். நம் பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுச் சுற்று சித்திரையில் அடியெடுத்து வைப்பதுபோல, பன்னிரு விலங்குகளும் ஐம்பூதங்களும் கூடிய அவர்களுடைய அறுபது ஆண்டுச் சுற்றும் தனக்கென்று ஒரு புத்தாண்டு நாளைக் கொண்டது. டிராகன் ஆண்டு 2012 ஜனவரி 23ஆம் நாள்தான் தொடங்கியது. பொங்கல் வாரத்தில் பிறந்த உங்கள் மகள், 2011 பிப்ரவரி 3இல் தொடங்கிய முயல் ஆண்டின் கடைசி நாட்களில் பிறந்தவள். உங்கள் நண்பர் அந்த ஆண்டின் எண்ணைப் பார்த்து அன்போடு டிராகனைத் தந்திருக்கிறார். அது தொகுப்பின் முதல் நாணயமாக என்றும் இருக்கட்டும். ஆனால் உங்கள் மகளுக்குரிய விலங்கு முயல். விடுபட்ட ஆறு நாணயங்களுள் முதலில் தேட வேண்டியது 2011 முயலைத்தான். இரண்டாம் தொகுதியா என்று பார்த்து, விட்டம் 45.6 மில்லிமீட்டரும் எடை 31.1 கிராமும் இருக்கின்றனவா என்று அளந்து, நேரில் சென்று வாங்கக்கூடிய நாணய வணிகரிடம் வாங்குங்கள்.